மகளிரியல் துறையை இணைக்கும் கோப்பில் கையெழுத்திடும் முன்: கல்விக்குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் பெண்களையும் பாலினத்தையும் பற்றிய படிப்பைப் பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவள். நீங்கள் எந்தப் பல்கலைக்கழகத்தின் கல்விக்குழுவில் இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். ஏனென்றால் உங்கள் மேசைக்கு வரும் கோப்பு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. மகளிரியல் துறையில் மாணவர் எண்ணிக்கை குறைவு. நிரந்தர ஆசிரியர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். படித்தவர்களுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று தெளிவாக இல்லை. ஆகவே துறையைச் சமூகவியலோடோ சமூகப்பணியோடோ சேர்த்துவிடலாம். பாலினம் பற்றி மற்ற துறைகள் ஆளுக்கொரு யூனிட் நடத்திக்கொள்ளட்டும். கூட்டத்தில் எதிர்ப்பில்லாமல் சில நிமிடங்களில் நிறைவேறிவிடும் தீர்மானம் இது.

அது நிறைவேறும் முன் உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெண்களைப் பற்றிய தகவல்களைத் தொகுத்துச் சொல்வதோடு எங்கள் படிப்பு முடிந்துவிடுவதில்லை. அது ஆய்வு செய்வதற்கான ஒரு முறை. தகவலை எந்தத் துறைக்கும் பிரித்துக் கொடுத்துவிடலாம். முறையைக் கற்றுக்கொடுக்க, அதையே முழுநேரமாகச் செய்கிறவர்கள் வேண்டும். அவர்களுக்கு நிரந்தரப் பணியிடமும், சொந்தப் பட்டப்படிப்பும், சொந்த ஆய்வு மாணவர்களும் வேண்டும்.

ஸ்வீடனில் பிர்கா என்று வைக்கிங் (வட ஐரோப்பியக் கடலோடிகள்) காலத்து வணிக நகரம் ஒன்று இருந்தது. 1878-இல் யால்மார் ஸ்டோல்பே என்ற ஆய்வாளர் அங்கே ஒரு கல்லறையைத் திறந்தார். உள்ளே வாள், கோடரி, ஈட்டி, அம்புகள், கேடயங்கள், இரண்டு குதிரைகளின் எலும்புகள், பலகை விளையாட்டுக் காய்கள். புதைக்கப்பட்டவர் உயர்நிலைப் போர்வீரர் என்று முடிவானது. போர்வீரர் என்றால் ஆண் என்பதும் அதோடு சேர்ந்தே முடிவாகிவிட்டது. 1970-களில் எலும்பை ஆராய்ந்தபோது இது பெண்ணாக இருக்கலாம் என்ற கருத்து வந்தது, பெரிதாக எடுபடவில்லை. 2017-இல் மரபணுச் சோதனையின் முடிவு வெளிவந்தது. அந்தக் கல்லறையில் இருந்தவர் பெண்.

வகுப்பில் நான் அதிக நேரம் செலவிடுவது அதற்கு அப்புறம் நடந்ததில்தான். முடிவு வெளியானதும் கேள்விகள் வரிசையாக வந்தன. எலும்புகள் வேறு கல்லறையோடு கலந்திருக்குமோ? அந்த ஆயுதங்கள் உண்மையிலேயே அவளுடையவையா? கூடவே ஓர் ஆணும் புதைக்கப்பட்டிருந்து அந்த எலும்புகள் தொலைந்திருக்குமோ? எல்லாமே நியாயமான கேள்விகள். ஆய்வுக்குழு 2019-இல் அவற்றுக்கு விரிவாகப் பதில் எழுதியது. ஆனால் உள்ளே இருப்பது ஆண் என்று 130 ஆண்டுகளுக்கு மேல் நம்பியிருந்த காலத்தில், அந்த ஆயுதங்கள் அவனுடையவைதானா என்று கேட்கத் தோன்றவே இல்லை. அதே எலும்பு, அதே வாள். நமக்குப் பழக்கமான முடிவு என்றால் கொஞ்சம் ஆதாரம் போதும். பழக்கமில்லாத முடிவு என்றால் ஆதாரத்தை மூட்டை மூட்டையாகக் கேட்கிறோம். இந்த வித்தியாசம் நம் கண்ணில் தானாகப் படாது. அதைப் பார்க்கப் பயிற்சி வேண்டும்.

இன்னொரு உதாரணம் விலங்குகளைப் பற்றியது. கென்யாவின் அம்போசெலியில் பபூன் குரங்குகளைக் கவனித்துவந்த ஜீன் ஆல்ட்மன் 1974-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கணிதப் பின்னணி கொண்டவர் அவர். குரங்குக் கூட்டத்தின் எதிரில் உட்கார்ந்து கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிக்கொள்ளும் பழக்கத்தை அதில் கேள்விக்கு உட்படுத்தினார். அப்படி எழுதினால் பெரிய உடம்போடு சத்தம் போட்டுச் சண்டையிடும் ஆண் குரங்குகள்தான் நோட்டுப் புத்தகத்தை நிறைக்கும். அதற்குப் பதிலாக ஒரு குரங்கைத் தேர்ந்தெடுங்கள், குறிப்பிட்ட நேரம் அதை மட்டும் பின்தொடருங்கள், பிறகு அடுத்ததுக்குப் போங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு நேரம் கொடுங்கள் என்றார். குட்டியைச் சுமந்துகொண்டு இரை தேடும் தாய்க்கும், அதன் ஒரு நாளுக்கும் இப்படித்தான் பதிவேட்டில் இடம் கிடைத்தது. பெண் விலங்குகள் சமூகத்தை எப்படிக் கட்டிக்காக்கின்றன என்பதைப் பார்க்க வழி திறந்தது. ஆல்ட்மன் மகளிரியல் துறைக்காரர் இல்லை. ஆனால் அவர் செய்ததை எங்கள் மாணவர்கள் கட்டாயம் படிக்கிறார்கள். யாரைப் பார்த்தோம், எவ்வளவு நேரம் பார்த்தோம், யார் கண்ணுக்குப் படவே இல்லை என்பதைக் கணக்கில் எடுத்தால் முடிவு எப்படி மாறுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

இதைச் சொல்லும்போது, "இது அரசியல், கல்வி இல்லை" என்று குழுவில் ஒருவர் சொல்வார். மரியாதையோடு மறுக்கிறேன். அரசியல் இதில் இருக்கிறது, மறைக்கவில்லை. இந்தத் துறைகள் போராட்டத்தில் பிறந்தவை. 1970-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் அங்கீகாரம் பெற்ற மகளிரியல் படிப்பும், 1974-இல் மும்பையின் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வு மையமும், சியோலின் ஈஹ்வா மகளிர் பல்கலைக்கழகம் 1982-இல் தொடங்கிய முதுகலைப் படிப்பும், உகாண்டாவின் மெக்கரெரே பல்கலைக்கழகத்தில் 1991-இல் உருவான துறையும் எந்த நிர்வாகியின் திடீர் யோசனையிலும் முளைத்தவை இல்லை. கேட்டுக் கேட்டு வாங்கியவை. ஆனால் ஒரு துறை எங்கிருந்து வந்தது என்பதை வைத்து அதன் தரத்தை அளக்க முடியாது. தொழிற்சாலைகளில் மக்கள் நோயில் விழுந்ததால்தான் தொழில்சார் மருத்துவம் வளர்ந்தது. அதனால் அது மருத்துவம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் ஆய்வேட்டைக் கையில் எடுத்து, ஆதாரம் சரியா, வாதம் நிற்கிறதா என்று பாருங்கள். அந்தத் தேர்வுக்கு நாங்கள் எப்போதும் தயார்.

அடுத்து, "எல்லாத் துறைகளும் ஆளுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுக்கட்டுமே" என்ற யோசனை. இது நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவது என்று எனக்குத் தெரியும். கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. இது நடைமுறையில் என்ன ஆனது என்பதற்கு மருத்துவ ஆய்வின் வரலாற்றைப் பாருங்கள்.

1977-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. கருத்தரிக்கக்கூடிய வயதிலுள்ள பெண்களைப் புதிய மருந்துகளின் ஆரம்பக்கட்டச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்றது. தாலிடோமைடு மருந்தால் குழந்தைகள் ஊனத்தோடு பிறந்த பயங்கரம் மனதில் இருந்த காலம், பாதுகாக்கும் எண்ணம்தான். ஆனால் விளைவு வேறாக இருந்தது. மருந்து ஆண் உடலில் சோதிக்கப்பட்டு எல்லா உடலுக்கும் எழுதிக் கொடுக்கப்பட்டது. மாரடைப்பைத் தடுக்க ஆஸ்பிரின் உதவுமா என்று 1980-களில் நடந்த புகழ்பெற்ற ஆய்வில் பங்கேற்ற 22,071 மருத்துவர்களும் ஆண்கள். 1986-இல் தேசிய சுகாதார நிறுவனம், ஆய்வுகளில் பெண்களைச் சேர்க்க ஊக்கம் தரும் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்தது. எல்லா ஆய்வாளர்களுக்கும் பொருந்தும் நல்ல கொள்கை. 1990-இல் அரசுத் தணிக்கை அலுவலகம் போய்ப் பார்த்தபோது, அது ஒழுங்காக நடைமுறைக்கு வரவே இல்லை என்று தெரிந்தது. அந்த ஆண்டுதான் பெண்கள் உடல்நல ஆய்வுக்கென்று தனி அலுவலகம் அமைந்தது. 1993-இல் ஆய்வுகளில் பெண்களைச் சேர்ப்பதைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது.

அந்த இடைவெளிக்கு மக்கள் விலை கொடுத்தார்கள். 1997 முதல் 2000 வரை சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்ட பத்து மருந்துகளில் எட்டு, பெண்களுக்கு அதிக ஆபத்து விளைவித்தவை என்று அதே தணிக்கை அலுவலகம் 2001-இல் கணக்குச் சொன்னது. சோல்பிடம் என்ற தூக்க மாத்திரை 1992-இல் அனுமதி பெற்றது. பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாகத்தான் வெளியேறுகிறது. காலையில் வண்டி ஓட்டும்போதும் மயக்கம் மிச்சமிருக்கலாம். இதற்காகப் பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்க உணவு, மருந்து நிர்வாகம் சொன்னது 2013-இல். 21 ஆண்டுகள். "அனைவரும் கவனத்தில் கொள்க" என்ற சுற்றறிக்கைக்கும், ஒருவரைப் பொறுப்பாக்கி ஒரு நாற்காலியும் அதிகாரமும் கொடுப்பதற்கும் இடையே இருக்கும் தூரம் இதுதான். பாலினத்தை எல்லாத் துறைகளுக்கும் பிரித்துக் கொடுக்கும்போது அந்தச் சுற்றறிக்கையைத்தான் நீங்கள் அனுப்புகிறீர்கள்.

வாகனங்களிலும் இதே கதைதான். வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் சொன்ன கணக்குப்படி, சீட் பெல்ட் போட்டிருந்தாலும், முன்பக்க மோதல்களில் பெண்களுக்குப் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு ஆண்களைவிட 73 சதவீதம் அதிகம். மோதல் சோதனைப் பொம்மைகள் பல பத்தாண்டுகளாக சராசரி ஆண் உடலை வைத்தே செய்யப்பட்டன. இயந்திரப் பொறியியல் துறையில் பாலினம் பற்றிய யூனிட்டை யார் நடத்தப்போகிறார்கள், யாரிடம் அவர் அதைக் கற்றுக்கொண்டிருப்பார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நடத்த ஆள் வேண்டுமென்றால் ஆளை உருவாக்கும் இடம் ஒன்று வேண்டும்.

பொருளாதாரத்துக்கு வருகிறேன். இங்கே எங்கள் மாணவர்கள் கையால் செய்து பழகும் வேலை ஒன்றைச் சொல்ல வேண்டும். உலகத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, சம்பளமில்லாத பராமரிப்பு வேலையில் 64 நாடுகளின் மக்கள் நாளொன்றுக்கு 1,640 கோடி மணி நேரம் செலவிடுகிறார்கள். அதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம் பெண்கள் செய்வது. இந்த எண்ணைப் பலரும் மேடையில் சொல்கிறார்கள். இது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எங்கள் பாடம் தொடங்குகிறது. ஒரு பெண்ணிடம் போய் "வேலை செய்கிறீர்களா?" என்று கேட்டால், "இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன்" என்பார். அதோடு படிவம் மூடிவிடும். "நேற்று காலை எழுந்ததும் முதலில் என்ன செய்தீர்கள், அதற்கு அப்புறம்?" என்று நேரத்தைப் பின்தொடர்ந்து கேட்டால் நாள் முழுக்க விரியும். அங்கேயும் சிக்கல் இருக்கிறது. அடுப்பில் ஒரு கண், குழந்தை மேல் ஒரு கண், படுத்திருக்கும் மாமியாரின் குரலுக்கு ஒரு காது. படிவத்தில் முதன்மை வேலை என்று ஒரே கட்டம்தான் இருந்தால் "சமையல்" மட்டும் பதிவாகும். குழந்தையும் மாமியாரும் காணாமல் போவார்கள். இரண்டாவது கட்டம் ஒன்றைச் சேர்த்ததும் நாட்டின் பராமரிப்பு வேலையின் மொத்த அளவே ஏறிவிடும். அந்தக் கட்டத்தை வடிவமைப்பது யார், பதில் எழுதும்போது பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது, "சும்மா உட்கார்ந்திருந்தேன்" என்று சொல்பவரின் கையில் அந்த நேரத்தில் என்ன இருந்தது என்று எப்படிக் கேட்பது. ஒரு செமஸ்டர் முழுக்க இதை மட்டும் செய்தாலும் போதாது.

நியூசிலாந்தின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மரிலின் வேரிங், நாட்டின் வருமானத்தைக் கணக்கிடும் தேசியக் கணக்கு முறையில் இந்த உழைப்புக்கு இடமே இல்லை என்று 1980-களில் உலகுக்குச் சுட்டிக்காட்டினார். 2013-இல்தான் தொழிலாளர் புள்ளியியலாளர்களின் சர்வதேச மாநாடு, வீட்டாருக்காகச் சம்பளமின்றிச் செய்வதையும் "வேலை" என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. அந்த இடைவெளியில் எத்தனையோ பேர் கணக்கெடுப்புப் படிவங்களோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அவர்களில் பலர் இந்தச் சின்னத் துறைகளின் சின்ன அறைகளில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள்.

வகுப்பறை சட்டத்தை மாற்றிய கதையும் இருக்கிறது. 1974-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லின் ஃபார்லி "பெண்களும் வேலையும்" என்ற பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வகுப்பில் மாணவிகள் தாங்கள் பார்த்த வேலைகளைப் பற்றிப் பேசும்போது ஒன்று தெரிந்தது. மேலதிகாரியின் அத்துமீறல் தாங்காமல் ஒவ்வொருவரும் எங்கோ ஒரு வேலையை விட்டிருந்தார்கள், அல்லது அதிலிருந்து விலக்கப்பட்டிருந்தார்கள். அதுவரை ஒவ்வொருத்தியும் அது தன் துரதிர்ஷ்டம் என்றே நினைத்திருந்தாள். 1975-இல் அந்த ஊரில் பெண்கள் கூடி வெளிப்படையாகப் பேசினார்கள். 1980-இல் அமெரிக்க அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான விதிமுறைகளை வெளியிட்டது. 1986-இல் உச்ச நீதிமன்றம் அது பாகுபாடுதான் என்று தீர்ப்பளித்தது. இன்று உங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு புகார்க் குழு இருக்குமானால், அதன் முன்கதையில் அந்த வகுப்பும் உண்டு. அந்தப் பாடத்துக்கு அன்று எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று மட்டும் பார்த்து ஒரு குழு முடிவெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பெண் என்று ஒரே பெட்டியில் எல்லாரையும் போட்டுவிட்டால் என்ன தவறும் என்பதையும் இந்தப் படிப்பே கண்டுபிடித்தது. 1970-களில் ஜெனரல் மோட்டார்ஸ் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். அந்தத் தொழிற்சாலை 1964-க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவே இல்லை. கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில் போக வேண்டும் என்ற விதியால் ஆட்குறைப்பில் அவர்கள்தான் வெளியே போனார்கள். பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறார்களே (வெள்ளையினப் பெண்கள்), கறுப்பினத்தவரை வைத்திருக்கிறார்களே (ஆண்கள்), இரண்டையும் சேர்த்து ஒரு புதிய வகையாக வழக்காட முடியாது என்றது நீதிமன்றம். சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் அந்தத் தீர்ப்பை எடுத்து, இரு பாகுபாடுகள் குறுக்கே வெட்டும் இடத்தில் நிற்கிறவர் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று காட்டினார். சாதி, மதம், உடல்திறன், வர்க்கம் என்று எந்தச் சமூகத்தில் எந்தக் கோடு ஓடினாலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். என் மாணவர்கள் எந்தத் தரவு அட்டவணையைப் பார்த்தாலும் "ஆண், பெண்" என்ற இரண்டு பத்தியோடு நிற்க மாட்டார்கள். உள்ளே எந்தப் பெண், எந்த ஆண் என்று பிரித்துக் கேட்பார்கள். அந்த இரண்டு பத்திக்கும் வெளியே நிற்கும் திருநர்களை எங்கே எழுதினீர்கள் என்றும் கேட்பார்கள்.

இந்தத் துறை தன்னையே விட்டுவைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேற்கத்திய பெண்ணிய எழுத்து, மூன்றாம் உலகப் பெண்களை எப்போதும் ஏழையாகவும் வாயில்லாதவர்களாகவும் ஒரே அச்சில் வார்க்கிறது என்று பெண்ணிய அறிஞர் சந்திரா தல்பாடே மொஹந்தி 1984-இல் கடுமையாக எழுதினார். நைஜீரிய அறிஞர் ஒயெரோன்கே ஒயெவுமி 1997-இல் இன்னும் ஒரு படி போனார்: காலனி ஆட்சிக்கு முந்தைய யோருபா சமூகத்தை ஒழுங்குபடுத்தியது பாலினம் இல்லை, வயது மூப்பு என்றார். அவரோடு உடன்படாத ஆப்பிரிக்க அறிஞர்களும் உண்டு. என் வகுப்பில் இரு தரப்பையும் வைத்துச் சண்டை நடக்கும். கோட்பாட்டை மனப்பாடம் செய்துவிட்டு வெளியேறும் படிப்பு என்று நினைக்கிறவர்களை அந்த வகுப்பில் வந்து உட்காரும்படி அன்போடு அழைக்கிறேன்.

அப்புறம் ஆண்கள். பாலினம் என்றால் பெண்கள் என்று மட்டும் நினைத்து, ஆண் மாணவர்கள் விண்ணப்பமே போடாத இடங்கள் இருக்கின்றன. ஆண்மை என்பதும் ஆராய வேண்டிய பொருள்தான். சமூகவியலாளர் ரெவின் கானெல் போன்றவர்கள் 1980-களிலிருந்தே அதைச் செய்துவருகிறார்கள். ஒரு சமூகம் எந்த மாதிரி ஆணை மேலே வைக்கிறது, மற்ற ஆண்கள் அந்த அளவுகோலுக்கு எட்ட என்ன விலை கொடுக்கிறார்கள், வலியை ஏன் மருத்துவரிடம் சொல்லத் தயங்குகிறார்கள். இந்தப் படிப்பில் சேர்ந்த இளைஞர்கள் தங்கள் அப்பாக்களைப் பற்றி எழுதிய கட்டுரைகள் நான் படித்தவற்றிலேயே மிக நேர்மையானவை. துறையின் விளம்பரத்திலும் சேர்க்கையிலும் அவர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது என்று பல்கலைக்கழகம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

வேலைவாய்ப்பைப் பற்றிக் கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பிள்ளையைப் படிக்க அனுப்பும் குடும்பங்களும் அதைத்தான் கேட்கின்றன. நேர்மையான பதில்: படிப்பின் பெயரைத் தாங்கிய வேலை விளம்பரங்கள் குறைவு. ஆனால் வேலை இருக்கிறது. 1984-இல் ஆஸ்திரேலியா, அரசு வரவுசெலவுத் திட்டம் பெண்களை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராயும் நடைமுறையைத் தொடங்கியது. இன்று பல நாடுகள் அதைச் செய்கின்றன. அந்த ஆவணத்தைப் படித்து, எந்தத் திட்டம் உண்மையில் பெண்களுக்குப் போகிறது, எது பெயருக்கு அந்தப் பட்டியலில் ஏற்றப்பட்டிருக்கிறது என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும். கணக்கெடுப்பு நிறுவனங்கள், தொழிலாளர் துறை, சட்ட உதவி, ஊடகம், பொதுச் சுகாதாரம், நலத்திட்ட மதிப்பீடு ஆகியவற்றில் எங்கள் பட்டதாரிகள் வேலை பார்க்கிறார்கள். அவர்களைப் பல்கலைக்கழகம் பின்தொடர்ந்து பதிவு செய்யாததால்தான் கோப்பில் "தெளிவாக இல்லை" என்று எழுதப்படுகிறது. பதிவு செய்யுங்கள், தெளிவாகிவிடும். கூடவே புள்ளியியலும் கள ஆய்வும் கட்டாயப் பாடமாக இருக்கட்டும். அவை இல்லாமல் பட்டம் கொடுப்பது மாணவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்பது என் உறுதியான எண்ணம்.

மாணவர் சேர்க்கை குறைவு, வேலைச் சந்தையில் தேவை இல்லை. இந்த இரண்டு காரணங்களும் உங்கள் கோப்பில் மட்டும் எழுதப்பட்டவை இல்லை. 2018-இல் ஹங்கேரி அரசு பாலின ஆய்வு முதுகலைப் படிப்புகளின் அங்கீகாரத்தை ஓர் ஆணையால் நீக்கியபோதும் இவற்றைத்தான் சொன்னது. கூடவே இது அறிவியல் இல்லை, சித்தாந்தம் என்று அமைச்சர்கள் பேசினார்கள். 2023-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நியூ காலேஜ் அறங்காவலர்கள் பாலின ஆய்வுத் திட்டத்தை முடிவுக்குக் கொண்டுவர வாக்களித்தார்கள். காபூல் பல்கலைக்கழகத்தில் 2015-இல் பாலினமும் பெண்களும் பற்றிய முதுகலைப் படிப்பு தொடங்கியது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து படித்தார்கள். 2022 டிசம்பரில் பெண்கள் பல்கலைக்கழகத்துக்குள் வருவதையே தாலிபான் தடை செய்தது. உங்கள் நோக்கம் இவர்களுடையது என்று நான் சொல்லவில்லை. நிர்வாக வசதிக்காகத்தான் நீங்கள் செய்கிறீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் வெறுப்பால் மூடினாலும் வசதிக்காக மூடினாலும் நூலகத்தில் வாங்காமல் விட்ட இதழ்களும், வழிகாட்டி இல்லாமல் பாதியில் நின்ற பிஎச்.டி. ஆய்வுகளும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பெண்கள்தான் இப்போது பெரும் எண்ணிக்கையில் படிக்கிறார்களே, இனி எதற்குத் தனித்துறை என்று கேட்பவர்களும் உண்டு. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948-இல். வகுப்பில் உட்கார அனுமதித்து, தேர்வு எழுத அனுமதித்து, பட்டத்தை மட்டும் கொடுக்காமல் பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள். வாசலுக்குள் விடுவது ஒரு விஷயம். உள்ளே கற்பிக்கப்படும் அறிவு யாரை வைத்து உருவானது என்பது வேறு விஷயம். மேலே சொன்ன மருந்துச் சோதனைகள் நடந்த காலத்தில் மருத்துவக் கல்லூரிகளில் மாணவிகள் இருக்கத்தான் செய்தார்கள்.

துறை இருக்கும் இடங்களிலும் அதை எப்படி நடத்துகிறோம் என்பதைப் பற்றி ஒரு மனக்குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். நான் பணியாற்றிய ஒரு பல்கலைக்கழகத்தில் மகளிர் தின விழா, மாணவிகளுக்கான ஆலோசனை, புகார்க் குழுவின் எழுத்துவேலை, சிறப்பு விருந்தினருக்குப் பூங்கொத்து எல்லாமே எங்கள் தலையில்தான் விழுந்தன. ஒப்பந்த ஆசிரியர்கள் அதையும் செய்துவிட்டு, இரவில் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. ஆண்டு இறுதியில் "வெளியீடுகள் குறைவு" என்று மதிப்பீட்டில் எழுதினார்கள். இயற்பியல் துறையிடம் அறிவியல் தின விழாவுக்குத் தோரணம் கட்டச் சொல்லிவிட்டு ஆய்வகத்தை எடுத்துக்கொள்வோமா? புகார்க் குழுவில் எங்கள் அனுபவம் பயன்படட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் அதற்குத் தனி அலுவலர் வேண்டும். ஒரு மாணவி வகுப்பில் தனக்கு நடந்த வன்முறையைச் சொல்லி அழும்போது, ஆசிரியர் கேட்க வேண்டும், அப்புறம் அவளைப் பயிற்சி பெற்ற உளவள ஆலோசகரிடம் கூட்டிச்செல்ல வேண்டும். அந்த ஆலோசகர் வளாகத்தில் இருக்க வேண்டும். இதை ஏற்பாடு செய்வது பல்கலைக்கழகத்தின் வேலை.

நான் கேட்பவை பெரிய செலவுகள் இல்லை. ஓய்வு பெற்றவர்களின் பணியிடங்களை நிரப்புங்கள். துறைத்தலைவர் உட்படக் குறைந்தது சிலராவது நிரந்தரமாக இருந்தால்தான் பிஎச்.டி. மாணவர் சேரத் துணிவார். எங்கள் ஆய்வேடுகளை மதிப்பிட இந்தத் துறையில் எழுதியவர்களையே தேர்வாளராகப் போடுங்கள். மருத்துவம், பொருளாதாரம், சட்டம், பொறியியல் மாணவர்களுக்கு ஒரு கட்டாய முறையியல் தாளைக் கொண்டுவாருங்கள். அதை அந்தந்தத் துறை ஆசிரியரும் எங்கள் ஆசிரியரும் சேர்ந்து நடத்தட்டும். துறைகளை இணைத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், பட்டத்தின் பெயரும், பாடத்திட்டக் குழுவும், புத்தகம் வாங்கும் நிதியும் தனியாக நிற்கும் என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள். வாய்மொழி உறுதி அடுத்த துணைவேந்தர் வரும்வரைதான் தாங்கும்.

இதையெல்லாம் முடிவு செய்வதற்கு முன், துறையில் இப்போது படிக்கும் மாணவர்களில் இருவரையாவது கூட்டத்துக்கு அழைத்து, அவர்கள் என்ன ஆய்வு செய்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்களுடைய படிப்பைப் பற்றிய கூட்டம் அது. உங்கள் கேள்விகள் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் பதில் சொல்ல அவர்களால் முடியும். நேரம் ஒதுக்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மகளிரியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியை